64 பேர், ஒரு கோர்ட்டு, ஒரு ஷெரீஃப்: டெக்சஸின் லவ்விங் கவுண்டி

#1 பெகோஸ்கரை

வேலை விஷயமாகச் சில வருஷங்களாக மேற்கு டெக்சஸில் ஒடெசா பக்கம் இருக்கிறேன். எண்ணெய் வயல் வேலைதான், பெரிய பதவி ஒன்றும் இல்லை. இங்கிருந்து 302-ஆம் எண் மாநில நெடுஞ்சாலையில் மேற்கே போனால் கெர்மிட் வரும், அதைத் தாண்டினால் லவ்விங் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர். 64 ஆயிரம் இல்லை, அறுபத்து நான்கு பேர். பரப்பு ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சி எல்லையைப் போல நான்கு மடங்கு. ஆளுக்கு 27 சதுர கிலோமீட்டர் பிரித்துக் கொடுக்கலாம்.

இதற்கென்று தனி நீதிமன்றம், ஷெரீஃப் (போலீஸ் தலைவர்), நான்கு கமிஷனர்கள், கவுண்டி ஜட்ஜ் எல்லாம் உண்டு. ஜட்ஜ் என்றாலும் அவர் வேலை முக்கால்வாசி நிர்வாகம்தான். டெக்சஸில் மொத்தம் 254 கவுண்டிகள், லட்சக்கணக்கில் ஆள் இருந்தாலும் சரி, அறுபது பேர் இருந்தாலும் சரி, அரசமைப்புச் சட்டப்படி சட்டகம் ஒன்றுதான். இந்த இடத்தின் வரலாற்றைத் தோண்டத் தோண்ட ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: இங்கே குடியிருப்பவர் என்று யாரைச் சொல்வது? தெரிந்தவர்கள் சேர்ந்து பேசலாம்.

#2 கணக்குப்பிள்ளை

நல்ல இழை. முதலில் எண்களைப் போட்டுவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம்.

1890-இல் 3 பேர். 1900-இல் 33. 1910-இல் 249. 1920-இல் 82. 1930-இல் 195, 1940-இல் 285. கணக்கெடுப்பில் பதிவான உச்சம் அந்த 285தான். அதற்கப்புறம் 1950, 60 இரண்டிலும் 220 சொச்சம், 1970-இல் 164, 1980-இல் 91, 1990-இல் 107, 2000-இல் 67, 2010-இல் 82, 2020-இல் 64.

அமெரிக்காவிலேயே குறைந்த மக்கள்தொகை உள்ள கவுண்டி இதுதான். போட்டிக்கு இருப்பது ஹவாயின் கலவாவோ மட்டும், 2020-இல் அங்கே 82 பேர். ஆனால் அது தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்க மொலோக்காய் தீவில் ஒதுக்கிய முனை, தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகமே கிடையாது, மாநில சுகாதாரத் துறை நடத்துகிறது. ஒப்பிடவே கூடாது. டெக்சஸுக்குள் அடுத்த இடம் கிங் கவுண்டி, 265 பேர். அதற்கடுத்தது கெனடி, 350. லவ்விங்கோடு பார்த்தால் அவை பெருநகரங்கள்.

#3 வம்பளப்பான்

லவ்விங் என்று பெயர் வைத்துவிட்டு மூன்று பேரோடு ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருதலைக் காதல் போல.

#4 பெகோஸ்கரை

வம்பு, இந்த ஜோக்கை இங்கே இருக்கிறவர்கள் எத்தனை தடவை கேட்டிருப்பார்களோ. அது ஒரு ஆளின் குடும்பப் பெயர். ஆலிவர் லவ்விங், மாடு ஓட்டிப் பிழைத்தவர். உள்நாட்டுப் போர் முடிந்த சமயம், டெக்சஸில் மாடு ஏகப்பட்டது, வாங்க ஆளில்லை. நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் சம்னரில் ராணுவமும், அங்கே அடைத்து வைக்கப்பட்ட நவாஹோ பழங்குடி மக்களும் சாப்பாட்டுக்குத் திண்டாடினார்கள், அரசாங்கம் இறைச்சிக்குப் பணம் கொடுத்தது. 1866-இல் லவ்விங்கும் சார்லஸ் குட்நைட்டும் சேர்ந்து பெகோஸ் ஆற்றை ஒட்டி மேலே மாட்டை ஓட்டிப் போன தடம்தான் குட்நைட்-லவ்விங் தடம்.

மறுவருஷம் லவ்விங் ஒரே ஒரு துணையோடு மந்தைக்கு முன்னால் போனபோது கமாஞ்சி பழங்குடியினர் ஆற்றங்கரையில் மடக்கிச் சுட்டார்கள். எப்படியோ ஃபோர்ட் சம்னர் வரை வந்து சேர்ந்தார், ஆனால் காயம் அழுகி 1867 செப்டம்பரில் செத்துப்போனார். சொந்த மண்ணில் புதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம், குட்நைட்டும் சொன்ன சொல் தவறாமல் உடலைத் தோண்டி எடுத்து வெதர்ஃபோர்டு வரை வண்டியில் கொண்டுபோனார். இருபது வருஷம் கழித்து, 1887-இல், டாம் கிரீன் கவுண்டியிலிருந்து பிரித்தபோது இந்தப் பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

#5 கிணற்றடி

நான் ஒன்று கேட்கலாமா? மூன்று பேர் இருக்கிற இடத்துக்கு எதற்குத் தனிக் கவுண்டி? வரைபடத்தில் கோடு போட்டு வைத்தார்கள், சரி. நிர்வாகம் எப்படி வந்தது?

#6 பெகோஸ்கரை

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கோடு போடுவது வேறு, நிர்வாகம் அமைப்பது வேறு. கோடு போட்டதும் இதைப் பக்கத்து ரீவ்ஸ் கவுண்டியின் பொறுப்பில் விட்டார்கள். தனி நிர்வாகம் வேண்டுமானால் தகுதியுள்ள வாக்காளர்கள் 150 பேர் கையெழுத்துப் போட்ட மனு வேண்டும்.

1893-இல் அந்த மனு வந்தது. முழுசாக 150 கையெழுத்து! மூன்று வருஷத்துக்கு முன் மூன்று பேர் இருந்த இடத்தில். பின்னால் இருந்தது டென்வர் ஆட்கள் நடத்திய ஒரு கால்வாய் நிறுவனம், பெகோஸ் தண்ணீரைத் திருப்பிப் பாசனம் செய்து நிலம் விற்கும் திட்டம். கவுண்டி என்று அமைந்துவிட்டால் கடன் பத்திரம் போடலாம், வரி விதிக்கலாம், பதவிகளில் தங்கள் ஆட்களை உட்கார வைக்கலாம். தேர்தலும் நடந்தது, மென்டோன் என்று ஒரு ஊரும் தலைநகரம் ஆனது. பெகோஸில் வெள்ளம் வந்து கால்வாய் வேலையைக் குலைத்தது, அப்புறம் மோசடிப் புகார்கள் கிளம்பின. 1897-இல் சட்டமன்றமே நிர்வாகத்தைக் கலைத்து மறுபடியும் ரீவ்ஸோடு ஒட்டிவிட்டது. முறைப்படி மறுபடி அமைந்தது 1931-இல். டெக்சஸில் இரண்டு தடவை அமைக்கப்பட்ட கவுண்டி இது ஒன்றுதான்.

#7 வம்பளப்பான்

கள்ள ஓட்டு போட ஆளாவது வேண்டும். இவர்கள் அதுவும் இல்லாமல் பண்ணியிருக்கிறார்கள். மேதைகள்.

#8 கணக்குப்பிள்ளை

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இது பிறவியிலேயே காகிதக் கவுண்டி. 1931-இலும் ஜனத்தொகை கூடியதால் வந்ததில்லை, எண்ணெய் வந்ததால் வந்தது. நியாயமாகப் பார்த்தால் பழையபடி ரீவ்ஸோடோ கிழக்கே விங்க்ளரோடோ சேர்த்துவிட வேண்டும். அறுபது பேருக்கு ஒரு அரசாங்கம் என்பது ஜனநாயகம் இல்லை, குடும்ப விவகாரம்.

#9 பெகோஸ்கரை

பிள்ளை, அவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள். 1921-இல் எண்ணெய் தட்டுப்பட்டது, 1925 வாக்கில் வீட் என்பவரின் பண்ணையில் கிணறு வந்தது, வந்தவர்கள் நிஜ மனிதர்கள். 1933 வாக்கில் 600 பேர் இருந்ததாகச் சொல்கிறார்கள், பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் அது சிக்கவில்லை, 1940 வருவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். ராம்சே என்று ஆரம்பித்த எண்ணெய் ஊருக்குத்தான் 1931-இல் மென்டோன் என்ற பழைய பெயரை மறுபடி சூட்டினார்கள். பழைய மென்டோன் ஆற்றோரமாக இன்னும் வடக்கே இருந்தது, சிலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போதைய மென்டோனில் 1935-இல் கட்டிய செங்கல் கோர்ட்டு இருக்கிறது. நம் ஊர் தாலுகா ஆபீஸை விடச் சின்னது. பக்கத்தில் மரத்தாலான ஒரு குட்டி தேவாலயம், அது 1910-இல் போர்ட்டர்வில் என்ற ஊரில் கட்டியது. அந்த ஊர் காலியானதும் 1930-இல் கட்டடத்தை அப்படியே பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கவுண்டியிலேயே பழைய கட்டடம் அதுதான். ஊர் போன பிறகும் கோயில் நிற்பது நமக்குத் தெரிந்த கதை, இங்கே கோயிலும் கிளம்பி வந்திருக்கிறது.

இன்னொரு பெருமை, டெக்சஸில் தேர்தலில் வென்று ஷெரீஃப் ஆன முதல் பெண் இந்த ஊர்தான். எட்னா ரீட் கிளேட்டன் டுவீஸ், 1945-இல் பொறுப்புக்கு வந்தார். துப்பாக்கியே வைத்துக்கொள்ளவில்லை, பதவிக் காலத்தில் மொத்தமே இரண்டு பேரைத்தான் கைது செய்தார் என்பார்கள்.

#10 கிணற்றடி

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி?

#11 பெகோஸ்கரை

ஆஸ்பத்திரி கிடையாது. பள்ளிக்கூடம் இருந்தது, மாணவர் எண்ணிக்கை இரண்டுக்கு வந்ததும் 1978-இல் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் பஸ்ஸில் விங்க் ஊருக்குப் போகிறார்கள், அது பக்கத்து விங்க்ளர் கவுண்டி. (பாடகர் ராய் ஆர்பிசன் வளர்ந்த ஊர், அங்கே அவருக்கு மியூசியம் உண்டு.) குடிதண்ணீர் ரொம்ப காலம் லாரியில்தான் வந்தது. பெகோஸ் ஆறு மேற்கு எல்லையாகவே ஓடுகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் உப்பு. அந்தக் காலத்தில் தாகத்தோடு வந்த மாடுகள் ஆற்றோரத்து உவர்க் குட்டைகளில் குடித்துவிட்டுச் செத்திருக்கின்றன.

#12 தேரிமண்

நிலம் எப்படி இருக்கும்? பாலைவனமா, மணல் மேடா?

#13 பெகோஸ்கரை

மணல் குன்று பார்க்க வேண்டுமானால் கிழக்கே மோனகன்ஸ் போக வேண்டும். இங்கே தட்டை நிலம், ஆற்றை நோக்கிச் சாயும், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 800 மீட்டர் உயரம். சிவாவாப் பாலைவனத்தின் வட ஓரம். வருஷத்துக்கு மழை 25 சென்டிமீட்டர் வந்தால் நல்ல வருஷம். புதர்தான் எல்லாம். கிரியோசோட்டு, யூக்கா, அப்புறம் மெஸ்கீட். இந்த மெஸ்கீட்டைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது, காரணம் இருக்கிறது. இராமநாதபுரம் முழுக்கப் பரவியிருக்கிற சீமைக்கருவேலத்துக்கு இது நெருங்கிய சொந்தம், அதே பேரினம். நம்மிடம் வந்தது தென்பக்கத்துக் கிளை. இங்கே இதை வெட்டி, புகை போட்டு மாட்டிறைச்சி சுடுகிறார்கள், பண்ணைக்காரர்களோ மேய்ச்சல் நிலத்தை விழுங்குகிறது என்று திட்டுகிறார்கள். திட்டு மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

வடக்கே நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி ரெட் பிளஃப் அணை, 1936-இல் முடிந்தது. கீழே இருக்கிற பாசனக்காரர்களுக்காகக் கட்டியது, லவ்விங்குக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

#14 தேரிமண்

சீமைக்கருவேலத்தின் சொந்தக்காரனைப் பார்க்க டெக்சஸ் வரை போக வேண்டாம், எங்கள் கண்மாய்க்குள்ளேயே போதுமான அளவு இருக்கிறது. தகவலுக்கு நன்றி.

#15 கணக்குப்பிள்ளை

பேச்சு மரத்துக்குப் போய்விட்டது. நான் என் கட்சியை விடவில்லை. ஏன் ஆள் சேரவில்லை என்பதற்குத் தண்ணீர் மட்டும் காரணம் இல்லை, நிலம் சில கைகளிலேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போடுவதற்காக டெக்சஸ் அண்ட் பசிஃபிக் நிறுவனத்துக்கு மாநிலம் நிலத்தை அள்ளிக் கொடுத்தது. அந்த நிறுவனம் நொடித்ததும் மிச்ச நிலத்தை 1888-இல் ஒரு அறக்கட்டளை வசம் ஆக்கினார்கள், அது இன்று டெக்சஸ் பசிஃபிக் லேண்ட் என்ற பெயரில் பங்குச் சந்தையில் இருக்கிறது, லவ்விங்கிலும் அதற்கு ஏராளமான நிலம். மற்றது பெரிய பண்ணைக் குடும்பங்கள். மனை போட்டு விற்க யாருக்கும் அவசியம் இல்லை. வீடு இல்லாத இடத்தில் குடி எங்கிருந்து வரும்? ஆள் வராமல் இருப்பதே அங்கே இருக்கிறவர்களுக்கு லாபம், வரிப்பணம் முழுக்க அறுபது பேர் கையில்.

#16 பெகோஸ்கரை

நிலக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிப்பணம் முழுக்க அவர்கள் கையில் என்பது கொஞ்சம் மிகை. சொத்துவரி ஏராளமாகத் திரளும் பள்ளி மாவட்டங்களிடமிருந்து மாநிலம் ஒரு பங்கை எடுத்து ஏழை மாவட்டங்களுக்குக் கொடுக்கிறது, ராபின் ஹூட் திட்டம் என்று பட்டப்பெயர். கவுண்டியின் பங்குதான் அங்கேயே தங்கும்.

அந்தப் பங்கும் சாதாரணம் இல்லை, அது நிஜம். இந்த இடம் டெலவேர் படுகையின் நடுவில் இருக்கிறது, பெர்மியன் எண்ணெய்ப் பகுதியின் மேற்குப் பாதி. ஷேல் பாறையைப் பக்கவாட்டில் துளைத்து உடைத்து எடுக்கும் முறை வந்த பிறகு கிணறுகளின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது.

நான் முதல் தடவை போனது ஒரு ராத்திரி. 64 பேர் இருக்கிற இடம் என்று கேள்விப்பட்டு, இருட்டாக, நட்சத்திரம் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். திருவிழா மாதிரி இருந்தது. அடிவானம் முழுக்க எரிவாயு கொளுத்துகிற தீ, இரண்டு பக்கமும் மணல் லாரி, உப்புத் தண்ணீர் லாரி, எனக்கு முன்னால் ஐம்பது வண்டியாவது நின்றிருக்கும். கூலிக்காரர் முகாம்கள், வரிசையாகத் தகரப் பெட்டி வீடுகள், இழுவை வண்டிகளில் குடித்தனம். என் வண்டியின் முன் கண்ணாடியில் கல் அடித்து விரிசல் விழுந்தது, அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. அந்த ஒரு சாலையில் மட்டும் அன்றைக்கு நூற்றுக்கணக்கில் ஆள் இருந்திருப்பார்கள். கணக்கில் ஒருத்தர்கூட இல்லை, ஏனென்றால் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு, வீடு லூசியானாவிலோ ஓக்லஹோமாவிலோ. எங்கே வழக்கமாகத் தங்கித் தூங்குகிறார்களோ அங்கேதான் எண்ணுவார்கள்.

#17 கிணற்றடி

அப்படியானால் சாலையும் ஆம்புலன்ஸும் ஆயிரக்கணக்கான பேருக்கு, ஓட்டு மட்டும் அறுபது பேருக்கு. பிள்ளை சொல்கிற மாதிரி சேர்த்துவிட்டாலும் அந்தத் தொழிலாளிகளுக்கு என்ன கிடைக்கும்? ரீவ்ஸிலும் அவர்களுக்கு ஓட்டு இல்லையே.

#18 கணக்குப்பிள்ளை

அது சரியான அடி. பதில் இல்லை, யோசிக்கிறேன்.

அதற்குள் ஒரு நுணுக்கம். அந்த 64 என்ற எண்ணே முழு நிச்சயம் இல்லை. 2020-இல் தனி ஆட்களை அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி எண்களில் வேண்டுமென்றே சின்னச் சின்ன மாற்றம் செய்து வெளியிட்டார்கள். மாநில மொத்தம் மட்டும் மாறாது, கவுண்டி மட்டத்திலிருந்து கீழே கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். பத்து லட்சம் பேர் இருக்கிற கவுண்டியில் இரண்டு பேர் கூடினால் குறைந்தால் யாருக்கும் தெரியாது. லவ்விங்கில் ஒரு கூட்டுக் குடும்பமே மறைந்துவிடும்.

#19 வம்பளப்பான்

ஆக 1893-இல் இல்லாத ஆளைச் சேர்த்தது மோசடி, 2020-இல் சேர்த்தால் அறிவியல். புரிந்தது.

#20 கணக்குப்பிள்ளை

வம்பு, முதல் தடவையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் இது வரிப்பணத்தைச் சுருட்டுவதற்கு இல்லை, ரகசியம் காப்பதற்கு. வயது, இனம், வீடு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் அங்கே ஒவ்வொருவர் பெயரையும் ஊரே சொல்லிவிடும்.

#21 பெகோஸ்கரை

யார் குடியிருப்பவர் என்ற தகராறு நம் காலத்திலும் ஓயவில்லை. 2006 வாக்கில், அரசாங்கத் தலையீடே கூடாது என்கிற சுதந்திரவாதிகள் குழு ஒன்று, கொஞ்சம் ஆட்களைக் குடியேற்றினாலே தேர்தலில் ஜெயித்து கவுண்டியைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டது. கணக்கு தப்பில்லை, ஆனால் வாங்கியதாக அவர்கள் சொன்ன நிலத்தையே தாங்கள் அவர்களுக்கு விற்கவில்லை என்று உரிமையாளர் தரப்பு சொல்லிவிட்டது. அத்தோடு முடிந்தது.

அதைவிட வேடிக்கை 2022-இல். வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு அழைப்பு வந்து கோர்ட்டுக்குப் போன சிலரை, நீங்கள் இந்தக் கவுண்டியில் வசிப்பவரே இல்லை என்று சொல்லிக் கைது செய்தார்கள். வராவிட்டால் தண்டனை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வந்ததற்கு கைது அங்கேதான். அந்த வருஷத் தேர்தலும் வழக்குக்குப் போனது, காரணம் அதேதான். வாக்காளர் பட்டியல் மக்கள்தொகையைவிட நீளம். வேலைக்காகவோ பிள்ளைகள் படிப்புக்காகவோ வெளியூரில் இருந்துகொண்டு, பண்ணை இங்கே இருக்கிறது, என்றைக்காவது திரும்பி வருவேன் என்பவர்கள் பெயரும் அதில் உண்டு. டெக்சஸ் சட்டப்படி, தற்காலிகமாக வெளியே போனாலும் திரும்பி வரும் எண்ணத்தோடு வைத்திருக்கிற நிலையான வீடுதான் வசிப்பிடம். எண்ணத்தை எந்த அதிகாரி அளக்க முடியும்?

#22 தேரிமண்

இது எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் இருப்பது திருப்பூரில், ரேஷன் கார்டும் ஓட்டும் ஊரில். கேட்டால் நானும் திரும்பி வருவேன் என்றுதான் சொல்வேன், பொய்யும் இல்லை.

#23 கணக்குப்பிள்ளை

தேரிமண் அண்ணே, உங்களுடையது ஆயிரம் ஓட்டில் ஒரு ஓட்டு. அங்கே பத்துப் பேர் அப்படி இருந்தால் கமிஷனர் மாறிவிடுவார். கிணற்றடிக்குப் பதில் சொல்கிறேன் என்றேன் இல்லையா, என் நிலை இப்போது இதுதான். இணைத்தால் தொழிலாளிக்கு ஓட்டு வராது, ஆனால் ஒரு சாலை சரியில்லை என்றால் கேட்பதற்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆள் இருப்பார்கள். அறுபது பேர் ஒருத்தருக்கொருத்தர் மாமன் மச்சானாக இருந்தால் யார் யாரைக் கேட்பது? அங்கே பெரிய முதலாளியே கவுண்டி அலுவலகம்தான்.

#24 பெகோஸ்கரை

ரீவ்ஸோடு சேர்த்தால் பணம் முழுக்க அதன் தலைநகரமான பெகோஸுக்குப் போகும், மென்டோனில் கோர்ட்டையும் பூட்டுவார்கள், அப்புறம் அந்த 22 பேர் எதற்கு அங்கே இருக்க வேண்டும்? 2020 கணக்கில் மென்டோன் ஊருக்குள் இருந்தது அவ்வளவுதான். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

#25 கிணற்றடி

நிலநடுக்கம் வருகிறதாமே அந்தப் பக்கம்?

#26 பெகோஸ்கரை

ஆமாம். 2020 மார்ச்சில் மென்டோனுக்கு மேற்கே 5.0 அளவில் ஒன்று வந்தது. எண்ணெயோடு ஏறி வரும் உப்புத் தண்ணீரை மறுபடி ஆழத்தில் அழுத்தி விடுகிறார்களே, அது பழைய பிளவுகளை வழுக்க வைக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதற்கப்புறம் சில இடங்களில் ஆழமாகச் செலுத்துவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். ஆள் குறைவு என்பதால் சேதம் குறைவு, அவ்வளவுதான்.

#27 வம்பளப்பான்

கடைசியாக ஒன்று, இது நிஜமான கேள்வி. அடுத்த மாதம் ஒடெசா வருகிறேன், தம்பி வீட்டுக்கு. லவ்விங் கல்லறைக்கு ஒரு பூ வைத்துவிட்டு வரலாம் என்று பார்க்கிறேன், நானும் அவரை ரொம்பக் கிண்டல் பண்ணிவிட்டேன்.

#28 பெகோஸ்கரை

கல்லறை வெதர்ஃபோர்டில் இருக்கிறது, இங்கிருந்து கிழக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல். மென்டோனுக்கு வருவதானால் பகலில் வாருங்கள், கெர்மிட்டிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், மணல் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். தண்ணீர் இரண்டு கேன் எடுத்து வையுங்கள். கோர்ட்டு சனி ஞாயிறு பூட்டியிருக்கும்.